முதலில் என்னிடம்தான் சொன்னாள்

பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த பிள்ளைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனேன். திருச்சியில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். தாயில்லாப் பிள்ளைகள், போனதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் என்று எனக்குள் ஒரு கணக்கு. போய்ப் பார்த்தால், கட்டிக்கொள்ள அங்கே ஏற்கெனவே ஒரு கால் இருந்தது.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தினமும் நடந்துவரும் சமையல்காரம்மாவின் கால். பிள்ளைகள் அவரை ஆன்ட்டி என்பார்கள், என்னை டீச்சர் என்பார்கள். ஆன்ட்டி யாரையும் கொஞ்சி நான் பார்த்ததில்லை. "சனியனே, செருப்பப் போடு லா, கால் வெறச்சுப் போவும்" என்று விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருப்பார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளத்தான் அத்தனையும் சமையல்கட்டில் போய் மொய்க்கும். நான் குரலை உயர்த்தியதே இல்லை. என்னைச் சுற்றி நாற்காலிகள்தான் இருந்தன.

அவர்களில் பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தி. கணக்கில் மக்கு, வாய் மட்டும் ஓயாது. பெற்றவள் முகம் அவளுக்கு நினைவில்லை. இவளையாவது என் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் அவளுக்கென்று தேடி ஸ்ட்ராபெர்ரி வாங்கி வந்தேன். "தேங்க்யூ டீச்சர்" என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு நேரே சமையல்கட்டுக்கு ஓடினாள். "ஆன்ட்டி, ஆ காட்டு." இருப்பதிலேயே பெரிய பழம் அந்த வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எனக்கு வாங்க, போங்க. ஆன்ட்டிக்கு வா, போ. நான் பின்னிவிட்ட சடையை அவிழ்த்துவிட்டு ஆன்ட்டியிடம் போய் மறுபடி பின்னிக்கொள்வாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள், குழம்பில் காரம் அதிகம், பிள்ளைகளுக்கு ஆகாது என்று இல்லப் பொறுப்பாளரிடம் போட்டுக்கொடுத்தேன். அவர் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

நான் ஊர் திரும்பச் சில வாரங்களே இருந்த ஒரு சனிக்கிழமை. திரிங்காப் ஊர்க் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் விலைபோகாத முட்டைகோஸை லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஆன்ட்டி அதை உரித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி அறைக்கதவை லேசாகத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், உள்ள வாங்க. கதவச் சாத்துங்க." சாத்தினேன். "நா பெரியவளாயிட்டேன் டீச்சர்."

அணைத்துக்கொண்டேன். விலகாமல் நின்றாள். அத்தனை பேர் இருக்க, என்னிடம்! பிறகு காதருகே வந்து சொன்னாள்: "ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லிருங்க. ஆனா உள்ள வரக் கூடாதுன்னு சொல்லுங்க." எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓட்டமும் நடையுமாகச் சமையல்கட்டுக்குப் போனேன். "அவ பெரிய மனுஷியாயிட்டா. எங்கிட்டதான் மொதல்ல சொன்னா. உங்கள உள்ள வரக் கூடாதுன்னுட்டா." கடைசி வாக்கியத்தை நிறுத்தி, தெளிவாகவே சொன்னேன்.

ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். போதும், பாவம் என்று எனக்கே தோன்றிவிட்டது. தோளைத் தொட்டு, "சின்னப் பிள்ள, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். ஜெயித்தவள் இரக்கம் காட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அதுவேவா சொல்லிச்சு டீச்சர்? மொதல்ல பெத்தவ பாக்கக் கூடாதுல்ல? நா பாட்டுக்கு உள்ள வந்துருவேன்னு பயந்துருக்கு லா. என்னைய அப்படி நெனச்சிருக்கு பாருங்க."

எனக்குத் தெரியாத வழக்கமா? நான் வயதுக்கு வந்தபோது என் அம்மாவும் என்னை வந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் பார்த்தாள். அதற்கு யாராவது ஒரு வெளியாள் வேண்டும். இந்த வீட்டில் வெளியாள் நான்தான். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

லயத்திலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். தலைக்கு ஊற்றும்வரை ஆன்ட்டி அவளைப் பார்க்கப்போவதில்லை. சுவரைப் பார்த்து நின்றபடியே, "பச்சத் தண்ணி ஊத்திறாதீங்க, குளிருக்கு ஆவாது, மஞ்சளக் கலக்கிச் சுட வைங்க" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். குளியலறைக்குச் சமையல்கட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு பெட்ஷீட்டை என் கையில் கொடுத்து மறைப்பாகப் பிடிக்கச் சொன்னார்கள்.

"ஆன்ட்டி, கண்ண மூடிக்கிட்டியா?" என்றாள் அவள், ஒரு பக்கத்திலிருந்து.

"மூடிட்டேன்டி சனியனே, நட!" என்றார் ஆன்ட்டி, இன்னொரு பக்கத்திலிருந்து.

நடுவில் நான்.

"டீச்சர், இன்னும் ஒசத்திப் புடிங்க" என்றாள்.

உயர்த்திப் பிடித்தேன்.