மேகம் நகராத நாள்

1. காலை ஏழரைக்கு ஆலை அலுவலகக் கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். மேகம் முந்தைய நாள் இருந்த இடத்திலேயே இருந்தது.
2. எட்டு மணிக்கு அண்ணன் போன் செய்து, ஏரிக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன்.
3. பத்து மணிக்கு மறுபடி பார்த்தேன். மேகம் நகரவில்லை.
4. பன்னிரண்டே காலுக்கு, நான் பார்த்துக்கொண்டிருந்தது நேற்றைய படம் என்று தெரிந்தது.
5. அந்த நேரத்தில் அண்ணன் பழவேற்காடு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் கழி நட்டு வலை கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ஷிஃப்ட் நோட்டின் கடைசித் தாளில் இதை எழுதிவைத்தேன். ஆலையில் ஏதாவது தவறினால் முதலில் நடந்ததை எழுத வேண்டும், பிறகு காரணத்தை. காரணத்தை அன்று எழுத என்னால் முடியவில்லை.

திருவள்ளூரில் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. உலையின் வெப்பம், அழுத்தம், தண்ணீர் ஓட்டம் ஆகியவற்றைக் காட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழவேற்காட்டு வீட்டிலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று தினமும் போய்வர முடியாததால் வாரநாட்களில் கும்மிடிப்பூண்டியிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அலுவலகத்தில் இணையம் உள்ள கணினி ஒன்றே ஒன்று. அது கணக்குப் பிரிவு அக்காவின் மேசையில் இருந்தது.

எங்கள் குப்பத்தில் ஏரியில் இறால் பிடிக்க முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களைப் பாடு என்போம். சீட்டுப் போட்டு ஒவ்வொருவருக்கும் நாள் ஒதுக்குவார்கள். உங்கள் நாளில் அந்த இடம் உங்களுடையது. வேறு எவரும் அங்கே படகு விடக்கூடாது. நீங்கள் போகாவிட்டால் நாள் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய முறை, படத்தில் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்து, போக வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அன்று முழுக்க வெயில். அண்ணனின் இடத்தில் வலை கட்டியவருக்குக் கூடை கூடையாக இறால். "அவன் ஊட்லயே வானிலை ஆபீஸ் வெச்சிக்கினு கீறாம்பா. கருவாடு காய வெக்கணும்னா போய்க் கேளு" என்று ஏலக் கொட்டகையில் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "வுடு பாப்பா" என்றார். அதனால்தான் இந்த முறை தவறக்கூடாது என்று நினைத்தேன்.

தவறாமல் இருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கணினித் திரைமேல் ஒட்டி, கரையோரத்தையும் மேகத்தின் விளிம்பையும் ஸ்கெட்ச் பேனாவால் வரைவது. மறுநாள் அதே தாளை வைத்தால் மேகம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். அன்று காலை தாளை வைத்தேன். கோடு அப்படியே பொருந்தியது. வங்கக்கடலின் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் போகவில்லை. ஏரிக்காரர்கள் மட்டும், ஏரி வேறு கடல் வேறு என்றார்கள்.

அண்ணன் குப்பத்து இறங்குதுறையில் இருக்கும் பாய் கடையிலிருந்து பேசினார்.

"இன்னா பாப்பா, படம் இன்னா சொல்லுது?"

"அங்கியே நிக்குதுண்ணா. நேத்து இருந்த எடம்தான்."

"போவட்டா?"

"போண்ணா."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்.

ஆலையில் கருவியின் பேனா காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். கோடு சற்று நடுங்கினால் கருவி வேலை செய்கிறது. ஏற்ற இறக்கமே இல்லாமல் நேராக ஓடினால் எங்கேயோ ஏதோ சிக்கியிருக்கிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்த பாடம் இது. ஒரு மேகம் ஒரு நாள் கழித்தும் நூலளவு விலகாமல் என் கோட்டுக்குள் அடங்கியிருந்தபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது.

பத்து மணிக்கும் அப்படியே. பன்னிரண்டே காலுக்குப் போனபோது கணக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஆலையின் தகரக் கூரை படபடத்தது. வெளியே காற்று மாறியிருந்தது. திரையில் மட்டும் எதுவும் மாறவில்லை.

"இன்னாடி, அதையே மொறச்சிப் பாத்துக்கினு கீற?"

"மேகம் நகரவே இல்லக்கா."

"எப்டி நவுரும்? இங்க நெட்டு ஸ்லோன்னு ஒருவாட்டி பாத்த படத்த எடுத்து வெச்சிக்கும், அதையே திருப்பித் திருப்பிக் காட்டும். நான் போன வாரம் பழைய தங்க வெலயப் பாத்துட்டு நகக்கடைக்குப் போயி ஒரே பேஜாரு."

படத்தின் மூலையில் சிறிய எழுத்தில் தேதி இருந்தது. காலையில் மணியை மட்டும் பார்த்து, அதிலிருந்த கிரீன்விச் நேரத்தை நம் நேரமாக்க ஐந்தரை மணி கூட்டிக்கொண்டேன். தேதியைப் படிக்கவே இல்லை; பத்து மணிக்கு மணியையும் பார்க்கவில்லை. அக்கா ஏதோ இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். படம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறங்கியது. மேகம் என் கோட்டைவிட்டு வெளியேறி, சுருண்டு, கரைக்குப் பக்கத்தில் இருந்தது.

பாய் கடைக்குப் போன் செய்தேன்.

"பாய், அண்ணன உடனே கூப்பிடணும். காத்து வருது."

"பாடு எடத்துல கீறானேம்மா. அவன் மொற நாளு. எவன் உள்ள போவான்? இரு, உங்க அண்ணி இங்கதான் கீது."

அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். நேற்றைய படம், நான் தேதி பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. காற்றின் சத்தத்துக்கு மேல் அண்ணி குரலை உயர்த்தினார்.

"போன மொற வாணான்ன. இந்த மொற போன்ன. ரெண்டும் பொய்யாப் பூடுச்சி. இது மட்டும் நெசமா?"

"நெசம் அண்ணி. தேதி பாத்துட்டேன்."

"சரி, வை. நானே போறேன். பொண்டாட்டி நான் போனா எவன் கேப்பான்?"

பிறகு மூன்று மணி நேரம் எனக்கு எந்தச் செய்தியும் இல்லை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தும் நான் கிளம்பவில்லை. பாய் கடைப் போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு அடிக்கவும் இல்லை. மழை சாய்வாக வந்தது. செய்ய வேண்டியவை என்று நோட்டில் எழுதப் பார்த்தேன். 'ஒன்று' என்று எண் போட்டதோடு சரி, எழுத எதுவும் இல்லை.

மூன்றேகாலுக்கு அண்ணி வேறொரு கடையிலிருந்து பேசினார். வேறொருவர் படகில் பாடு இருக்கும் இடத்தின் எல்லை வரை போயிருக்கிறார். படகுக்காரர் அதற்குமேல் வரமாட்டேன் என்றுவிட்டார். அண்ணி தண்ணீரில் இறங்கி நடந்திருக்கிறார். வலையை அவிழ்க்காமல் வரமாட்டேன் என்று அண்ணன் நின்றிருக்கிறார்.

"கழியப் புடிச்சிக்கினு நின்னுது. நீ வர்ற வரைக்கும் நானும் இங்கியே நிக்கறேன்னேன். அப்பறம்தான் வந்துது. வலைய அப்டியே வுட்டுட்டோம்."

"அண்ணன் பேசுறாரா?"

"தல தொவட்டிக்கினு கீது. பேசாதாம்."

அன்று மாலை அடித்த காற்றில் கழிகளோடு வலை போய்விட்டது. வலை இல்லாததால் அடுத்த முறைக்கும் அண்ணனால் போக முடியவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். மேகத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அவர் முறை நாளில் அண்ணிதான் போன் செய்கிறார். படத்தில் என்ன தேதி, என்ன மணி என்று முதலில் கேட்பார். அதைச் சொல்லிவிட்டு, மேகம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். போகலாம் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதில்லை. அதை அவர்கள் இரண்டு பேரும் முடிவு செய்கிறார்கள்.