ஐந்து வேலிக் கெண்டை

குடவாசலுக்குத் தெற்கே ஒரு குளக்கரையில் பொன்னுத்தாய்க்கு ஒரு கூரை வீடு, வீட்டோரம் ஓர் உறைகிணறு. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். நாற்று நடுவாள், நடவில்லாத நாளில் வாய்க்காலில் ஊத்தாக் கூடையைக் குத்தி மீன் பிடிப்பாள். தண்ணீர் சுழிப்பதைப் பார்த்தே உளுவையா குறவையா என்று சொல்லிவிடுவாள். வீடு அவளுடையது, அது நிற்கும் அடிமனை மட்டும் மிராசுதார் காயாரோகணத்துடையது.

எழுபத்திரண்டாம் வருஷம் மிராசுதாருக்குத் திடீரென்று மீன்மேல் பாசம் பொங்கியது. பொங்காமல் என்ன செய்யும்? நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராக்கிவிட்டார்களே. மச்சினன் பேரில், செத்துப்போன சித்தப்பா பேரில் எல்லாம் எழுதியும் ஐந்து வேலி, முப்பது ஏக்கருக்கு மேல், மிச்சம்; அதைச் சர்க்கார் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும். தர்ம சொத்தை யாரும் தொட முடியாது என்றார் வக்கீல். உடனே 'செவ்வரிக் கெண்டை பாதுகாப்பு தர்மம்' பிறந்தது. விலாவில் சிவப்புக் கோடு ஓடும், அழிந்துவரும் அந்த மீனின் பராமரிப்புச் செலவுக்கென்று ஐந்து வேலியையும் குளக்கரையையும் அதற்கு எழுதிவைத்தார். மீன் அழிந்துவந்தது நிஜம்தான். இவர் வயலுக்கு அடித்த மருந்தில்தான் அழிந்தது. அதைப் பத்திரத்தில் சேர்க்கவில்லை.

தாசில்தார் மீனைப் பார்க்க வருகிறார் என்றதும், "கெண்டை வாங்கிட்டு வா" என்று பாபநாசத்துக்கு ஆள் அனுப்பினார். வந்து இறங்கியது ஜிலேபிக் கெண்டை. கப்பலேறி வந்து நம் ஊர்க் குஞ்சுகளைத் தின்று கொழுக்கிற சாதி. மிராசுதார் மீனைக் கண்டதெல்லாம் குழம்பில்தானே, அவருக்கு எப்படித் தெரியும்?

பொன்னுத்தாயைக் கூப்பிட்டார். "இதுதான் செவ்வரின்னு சொல்லு. சொன்னா கரையில இரு. இல்லேன்னா நாளைக்கே கூரையைப் பிரிச்சுடுவேன்."

அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

தாசில்தார் வந்தார். தர்மம் நேற்று முளைத்ததல்ல என்று காட்ட மிராசுதார் அளந்துவிட்டார்: "இவங்க வீட்டுக்காரரோட பாட்டன் காலத்துலேர்ந்து இந்தக் கரையிலதாங்க குடி. மூணு தலைமுறையா மீனுக்குக் காவல்." அவளை 'இவங்க' என்று அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் தாசில்தார். மிராசுதார் போட்டார். தாசில்தார் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "அப்ப, குடியிருக்கிறவங்களுக்கே மனை சொந்தம்ங்கிற புதுக் குடியிருப்புச் சட்டப்படி அடிமனை இந்தம்மாவுக்குத்தான். பட்டா கொடுத்துடலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மிராசுதார் கையெழுத்தும் போட்டுக் கெட்டார்.

தாசில்தார் அவள் பக்கம் திரும்பினார். "இது என்ன மீனும்மா?"

அடிமனை கிடைத்த தைரியம் குரலில் வந்தது. "ஜிலேபிங்க."

"செவ்வரி ஒண்ணுகூடவா இல்லை?"

கொசுப்புழு தின்னட்டும் என்று கிணற்றில் கெண்டை விடுவது ஊர் வழக்கம். பொன்னுத்தாய் விட்ட ஏழெட்டுச் செவ்வரிகள் உறைகிணற்றில் சௌக்கியமாக இருந்தன. இருக்கிறது என்றால் தர்மம் நிலைத்துவிடும். நடவாட்களுக்கு வரவேண்டிய நிலம் மிராசுதார் வீட்டிலேயே தங்கிவிடும்.

"பூண்டோட போச்சுங்க" என்றாள்.

தர்மம் தள்ளுபடியானது; ஐந்து வேலியும் சர்க்காரின் உபரி நிலத்தில் சேர்ந்தது. தை பிறந்ததும் பட்டா வந்தது. அதை அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு பிடி நொய்யை அள்ளிக் கிணற்றில் தூவினாள். சிவப்புக் கோடுகள் மேலே வந்து வாய் திறந்தன.

"சத்தம் போடாம தின்னுங்க" என்றாள் பொன்னுத்தாய். "நீங்க உசிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சா, மறுபடி அஞ்சு வேலியை உங்க தலையில எழுதிடுவாரு."