அலமாரிக்கு முன்னால் கைதட்டியவர்

இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதிச் சந்தொன்றில் இருக்கும் சிறு விடுதியைத் துப்புரவு செய்கிறேன். துணி அலமாரிக்குள், முதலாளி சின்யோராவுக்குத் தெரியாமல், ஒரு சரஸ்வதி படம் ஒட்டியிருக்கிறேன்.

ஒருநாள் காலை பளீர் பளீரென்று இரண்டு கைதட்டல் கேட்டது. என்னைத்தான் யாரோ கோபமாகக் கூப்பிடுகிறார்கள் என்று ஓடினேன். துவாய் எடுக்க வந்த ஜப்பானிய விருந்தாளி, சட்டையைக் கழுத்துவரை பூட்டிய முதியவர், திறந்த அலமாரியின் முன் இடுப்பு வளையக் குனிந்து நின்றார்.

“பென்தேன்!” என்று படத்திலிருந்த வீணையைத் தொட்டுக் காட்டினார். சரஸ்வதிக்கு ஜப்பானில் அதுதான் பெயராம். தட்டுத் தடுமாறிய இத்தாலிய மொழியில் கதையைக் கொட்டினார். அவருடைய ஊர்த் தீவில், ஜப்பானியரின் ஆதி மதமான ஷின்தோவின் மிகப் பழைய கோயிலொன்று இருக்கிறதாம். ஆதியில் அங்கே கடல் தெய்வங்களான மூன்று சகோதரிகள். பிறகு இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன சரஸ்வதி, அவர்களில் ஒருத்தியாகவே ஆகிவிட்டாளாம். பின்னொரு காலத்து அரசு, வெளியிலிருந்து வந்த தெய்வமென்று அவளை வெளியேற்றச் சொல்லியும் சனம் விடவில்லையாம். இரண்டு தரம் கைதட்டுவதுதான் அங்கே கும்பிடும் முறையாம்.

உடனே கணவருக்குப் போன் எடுத்தேன். “இஞ்சேருங்கோ, ஜப்பானிலையும் எங்கட சரஸ்வதி இருக்கிறாவாம்! கையிலை வீணையோடை!”

விருந்தாளி மறுநாளே போய்விட்டார். கைதட்டல் என்னிடம் தங்கிவிட்டது. நேற்று அதைக் கேட்டுச் சின்யோரா ஓடிவந்து, “என்னையா கூப்பிட்டாய்?” என்றாள்.

நான் அலமாரியை மூடவில்லை. அவரைப் போலவே வீணையைத் தொட்டுக் காட்டினேன்.