ஒரே குத்து டாக்டர்

டாக்டர் சுப்புராமன் ஊசியை எடுத்தால் ஸ்கேன் அறையில் மின்விசிறியைக்கூட நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் ஜெல்லி தடவி, திரையில் கட்டி தெரிந்த மறுகணம் குத்துவார், புற்றா என்று பார்க்கத் துளி உறிஞ்சுவார், உருவுவார். அவ்வளவுதான். “ரெண்டாம் தரம் குத்தறவன் கத்துக்குட்டி” என்று சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றுவார். செங்கல்பட்டில் அவருக்கு ‘ஒரே குத்து டாக்டர்’ என்று பெயர். பெயரை வைத்ததே அவர்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

கழுத்துக் கட்டிக்கும் மார்புக் கட்டிக்கும் இந்த ஜம்பம் செல்லுபடியானது. கணையம் அப்படி இல்லை. இரைப்பைக்குப் பின்னால், குடலில் நிற்கும் காற்று மறைக்க, முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. கட்டியைச் சுற்றி வீக்கம் வேறு இருக்கும். ஊசி அதில் நின்றுவிட்டால் புற்று அகப்படாது. அதனால்தான் இடம் மாற்றி இரண்டு மூன்று தரம் எடுப்பார்கள். எடுத்ததில் செல் வந்திருக்கிறதா என்று கையோடு பார்த்தும் விடுவார்கள். இதெல்லாம் சுப்புராமனும் பரீட்சையில் எழுதித் தேறியதுதான். ஆனால் மறுபடி குத்தினால் பெயர் என்ன ஆவது?

தொண்ணூற்றாறில் மாமல்லபுரத்து மீனவர் எல்லப்பன் வந்தார். கணையத்தில் கட்டி, சிறியது. புற்றுதான் என்று தெரிந்தால் அறுத்து எடுத்துப் பிழைக்க வைக்கலாம். அவருக்கும் அதே ஒரு குத்து. ஸ்லைடைப் பார்த்த லேப் டாக்டர் ஸ்ரீதேவி போன் செய்தார்.

“சார், வெறும் ரத்தமா இருக்கு. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. திரும்ப எடுத்து அனுப்புங்க.”

“என் ஊசி நட்டநடுவுல போய் நின்னுதும்மா. இருந்தாத்தானே வரும்?”

போனை வைத்தவர், எல்லப்பனின் மனைவி சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டு, “கேன்சர் இல்லம்மா, வெறும் வீக்கம்” என்று சொல்லி மாத்திரை எழுதினார். அவள் கன்னியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். எல்லப்பன் மறுபடி கடலுக்குப் போனார்.

மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தபோது எல்லப்பனை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“கண்ணு மஞ்சளா கீது சார். ராவெல்லாம் ஒடம்பச் சொறிஞ்சிகினே கீறாரு. சோறு எறங்கல” என்றாள் சின்னப்பொண்ணு. “நீதான ஒண்ணும் இல்லன்னு சொன்ன?”

சுப்புராமன் ஸ்கேன் செய்தார். கட்டி பெருத்து, ஈரல் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. இனி அறுத்துப் பயனில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்த மேதைக்கு ஊசிகூடத் தேவைப்படவில்லை.

“இன்னா சார், பொழைச்சுக்குவாரா?”

எல்லப்பனின் வயிற்றில் ஜெல்லி காய்ந்துகொண்டிருந்தது. சுப்புராமன் அதைத் துடைக்கவில்லை. போனை இழுத்து, ஊசி விற்கும் ஏஜெண்டின் எண்ணைச் சுழற்றினார்.

“என்னய்யா, நீ போன தடவை குடுத்த ஊசியெல்லாம் மொக்கையா இருக்கு” என்றார், சின்னப்பொண்ணுவின் காதில் விழும்படி.