நோட்டில் நான் படிக்காத வரி

பத்து வருடத்துக்கு முன், திருச்சியில் நான் விஸ்காம் கடைசி வருடம் படித்தபோது நடந்தது இது. எங்கள் துறையில் உருப்படியான கேமரா ஒன்றுதான். கடைசி வருடக் குறும்படம் எடுக்க ஆளுக்கு ஒரு நாள் தருவார்கள். காலை ஒன்பதுக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலை நாலுக்குள் திருப்ப வேண்டும். எடுத்ததை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'காப்பி ஆச்சு' என்று நோட்டில் எழுதிய பிறகுதான் அடுத்த ஆள் மெமரி கார்டை அழிக்கலாம். கேமரா ரூம் மேடம் இதிலெல்லாம் படு கறார். நாலு தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் நாளும் வந்தது. நான் ஓர் அவசரக் குடுக்கை. நோட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கார்டை மொத்தமாக அழித்தும்விட்டேன். அம்மா மண்டபம் படித்துறையில் நடிக்க வந்த தோழி தண்ணீரில் இறங்கி நின்றாள். பட்டனில் விரலை வைத்தேன், போன் அடித்தது.

முதல் நாள் கேமரா எடுத்திருந்த வகுப்புத் தோழி. லேபில் கரண்ட் போய்விட்டதால் கார்டு காப்பி ஆகவில்லை, நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன், பார்த்தாய்தானே என்றாள். அவள் படமே அவளுடைய அத்தாவை, அதாவது அப்பாவைப் பற்றித்தான். ஒரு மாத லீவில் வந்திருந்த மனிதர், அன்று காலைதான் சவூதிக்கு விமானம் ஏறியிருந்தார். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார்.

கார்டு தானாகக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அதுமேல ஏதாவது எடுத்துட்டியாடி?"

"இன்னும் இல்ல."

"எடுக்காத. மேல எடுக்கலேன்னா அழிஞ்சத மீட்டுடலாம். அப்படியே கொண்டுவா."

எங்களிடம் இருந்தது அந்த ஒரு கார்டுதான். அதில் எடுத்தால் என் படம் பிழைக்கும், எடுக்காவிட்டால் அவள் படத்துக்கு வழியுண்டு. எனக்கு இன்னொரு நாள் கிடைக்காது என்று தெரியும். கேமராவைப் பையில் வைத்தபோது அழுகை முட்டியது.

கல்லூரிக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும், மேடம் அழிந்ததை மீட்கும் மென்பொருளில் கார்டைப் போட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் மேடமும் அவளும் நானும் எழுந்திருக்கவில்லை. ஒருவழியாக முதல் ஃபைல் திறந்தது. கைலியோடு அவள் அத்தா, கூச்சமாக, "எங்கே பாக்கணும்மா, இதுலயா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

"ஞாயித்துக்கிழமை ரூமைத் தொறக்கறேன், வந்து வாங்கிக்க. நாலு மணிக்குள்ள வந்துரணும்" என்றார் மேடம். அந்த ஞாயிறு, வெயிலில் எனக்காக வெளிச்சம் திருப்பத் தெர்மாகோல் பிடித்து நின்றது வேறு யாருமில்லை, அவள்தான்.

போன வருடம் மன்னார்புரத்தில் அவள் கல்யாணம். மண்டபத் திரையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். "இதுலயா?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், ஊரோடு வந்துவிட்ட அத்தாவும் முன்வரிசையில் சிரித்தார். நான் மட்டும் பஸ் ஸ்டாண்டில் அதை அழித்த நிமிஷத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் போனில் ஒரு போட்டோவை அழிக்கப் போனால், அந்தக் கூச்சக் குரல் காதில் விழுந்து என் விரல் அப்படியே நின்றுவிடுகிறது.