ஃபரீதா வரைந்த நானூறு கட்டங்கள்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பிரகாஷ் எழுதியிருந்தார்: "ஃபரீதா போயிட்டாங்க." நான் உடனே பதில் போட்டேன்: "தெரியும். மத்தியானம் வந்துடுவாங்க."

முந்தின நாள் மாலை ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஃபரீதா, "அத்தாவைப் பாத்துட்டு நாளைக்கு மத்தியானம் வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்கு, நன்னிலத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். பிரகாஷ் போனில் அழைத்தார். மூளையில் ரத்தக் கசிவு, விடியும்போதே முடிந்துவிட்டது என்றார். ஃபரீதாவுக்கு முப்பத்தாறு வயது. என் பதில் இன்னும் அந்தக் குழுவில் அப்படியே கிடக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் அவரை அறிந்தவர்களுக்குக்கூட அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் தெரிந்திருக்காது. பிரகாஷ் வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடிக் கதை விளையாட்டு ஆடுவோம். ஃபரீதா கதையை நடத்துவார். நாங்கள் நால்வரும் அதில் ஆளுக்கொரு பாத்திரம். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; ஃபரீதா குறித்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி. நடுத்தர வயதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

அங்கேதான் அவருக்கும் எனக்கும் மூன்று வாரச் சண்டை நடந்தது. என் பாத்திரத்துக்கு ஒரு வரம் இருந்தது: விழுந்த எண்ணோடு நான்கைக் கூட்டிக்கொள்ளலாம். பிரகாஷின் பாத்திரத்துக்கு வேறு வரம்: தோற்றால் இன்னொரு தடவை உருட்டலாம். அவருடையதுதான் எப்போதும் உசத்தி, எனக்கு அநியாயம் நடக்கிறது என்று நான் கத்தினேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், உருட்டுங்க" என்று ஃபரீதா அடக்கிவிடுவார்.

நான்காவது வாரம் ஒரு கிராஃப் தாளோடு வந்தார். முதல் உருட்டலுக்குக் குறுக்கே இருபது, இரண்டாவதுக்கு நெடுக்கே இருபது, மொத்தம் நானூறு கட்டம். வெற்றிகளுக்குப் பச்சை அடித்திருந்தார். பதினொன்று விழுந்தால் போதும் என்ற காரியத்தில் பிரகாஷுக்கு முந்நூறு கட்டம் பச்சை, எனக்கு இருநூற்றெண்பது. பதினெட்டு வேண்டும் என்ற கடினமான காரியத்திலோ அவருக்கு நூற்றுப் பதினொன்று, எனக்கு நூற்று நாற்பது.

"நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதும் தப்பு. சுலபமான வேலைக்கு பிரகாஷை அனுப்புங்க, முடியாத வேலைக்கு நீங்க போங்க" என்றார். பொறுப்பில் இருக்கும் ஒருவர் நாலு பேர் முன்னால், கேட்காமலே, தன் தவறைச் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் அவருடைய அத்தா மாடிப்படி ஏறி வந்தார். நன்னிலத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். மகள் பகடை உருட்டிச் சூதாடுகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஃபரீதா பதறவில்லை. "உட்காருங்கத்தா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். என் பாத்திரம் ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கியிருந்தது. நான் உருட்டினேன். பெரியவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். "புள்ள கரை சேந்துச்சாம்மா?" சேர்ந்தது. டீ குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர்தான் எங்களிடம் வந்தார். "தலைவலின்னுகூட சொல்லலைங்க. ராத்திரி நல்லா சாப்பிட்டுப் படுத்தா. டாக்டர் இந்த வயசுல ரொம்ப அபூர்வம்ங்கிறாரு. அபூர்வம்னா எங்க வீட்டுக்கு ஏன்ங்க வந்துச்சு?" வாராவாரம் பகடை உருட்டி வாய்ப்பைப் பார்த்த நாங்கள் நான்கு பேரும் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தோம்.

போன வருடம் என் அம்மாவின் பயாப்ஸி முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றும் இருக்காது என்றார்கள். ஃபரீதா மட்டும் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கெட்ட ரிப்போர்ட்டா வந்தா மறுநாள் காலைல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சொன்னேன். யார் லீவு போடுவது, அம்மாவிடம் யார் சொல்வது, எந்த ஊருக்குக் கூட்டிப்போவது. அவர் ஒவ்வொன்றாக எழுதித் தாளை என்னிடம் கொடுத்தார். முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் அது வருவதற்கு முந்தைய இரவே நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மறுநாள் காலை என்ன செய்வது என்ற அந்தக் கேள்வியைத்தான். அவர் இல்லாமல் போவதைப் பற்றி மட்டும் அதை எங்களில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. தாமதமாக இப்போது கேட்டுக்கொள்கிறேன். நாளை, சனிக்கிழமை காலை, ஆய்வகத்தைத் திறக்க வேண்டும். திங்கட்கிழமை புறப்படுவதற்கு முன் முளைப்புச் சோதனைக்காக அவர் ஈரத்தாளில் பரப்பி வைத்த நெல்விதைகள் முளைவிட்டிருக்கும். எத்தனை முளைத்தன என்று நான் எண்ணி எழுத வேண்டும்.