கட்டிலுக்கடியில் வெள்ளைப் பொடி

மர வேலை செய்கிறவர்களே, முதுகு வலியைக்கூடத் தாங்கிவிடலாம். செய்து கொடுத்த சாமானிலிருந்து மாவு கொட்டுகிறது என்று ஒருவர் வந்து நின்றால் தாங்க முடியாது. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருந்தபோது மரத்தைத் தின்று மாவாகக் கொட்டுகிற வண்டோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

டீச்சரின் மெழுகுவர்த்தி

அரிசி அளவுகூட இல்லாத வண்டு அது. மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியில் முட்டையிடும். புழு மாதக்கணக்கில் உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, ஊசித் துளை போட்டு வெளியேறும். நடுவில் வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதியைத் தொடாது.

என் வாடிக்கைக்காரர் மேரி டீச்சர் வீட்டு அலமாரியில் ஏகப்பட்ட துளை. வண்டு நுழைகிற வழி என்று நினைத்து, ஒவ்வொன்றையும் மெழுகு உருக்கி அடைத்திருந்தார். அது வெளியே போகிற வழி என்றேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே, போறேன்னு நிக்கிறதையா நான் கதவச் சாத்தி வச்சிருக்கேன்?"

பொட்டலம்

குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி பெரியசாமி. மகள் செல்வியின் கல்யாணத்துக்குச் சீர் கட்டில் நான் செய்தது. ஆறு மாதம் கழித்து, கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

ஒட்டன்சத்திரத்தில் செல்வியின் மாமியார் தினமும் கட்டிலுக்கடியில் கூட்டுகிறாராம். மறுநாளும் அதே இடத்தில் வெள்ளைப் பொடி. மகனை மயக்க மருமகள் வசியப் பொடி தூவுகிறாள் என்று முடிவு கட்டி, பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்.

"ஆசாரி, மறைக்காமச் சொல்லுப்பா. கட்டிலுக்குள்ள ஏதும் மந்திரத் தகடு வச்சு விட்டியா?"

சம்பந்தி வீட்டில்

பொடியை விரலில் தேய்த்ததுமே வண்டு வேலை என்று எனக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் என் பேர் தப்பும், அந்தப் பெண்ணின் வாழ்க்கை போகும். பெரியசாமியோடு உடனே பஸ் ஏறினேன்.

வாசலிலேயே பெட்டி இருந்தது. பக்கத்தில் அழுது முகம் வீங்கிய செல்வி. நான் கட்டிலைக் கவிழ்த்து அடிச்சட்டத்தைத் தட்டினேன், பொடி கொட்டியது. உளியால் பிளந்து, உள்ளே சுருண்டு கிடந்த புழுவை எடுத்துக் காட்டினேன். வெள்ளை மரத்தைப் போட்டது என் தப்பு, வைரம் பாய்ந்த சட்டமாக மாற்றித் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாமியார் புழுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செல்வி பக்கம் திரும்பினார்.

"கண்ணு, பொட்டிய உள்ள கொண்டுபோய் வையி. உங்கப்பாவுக்குக் காப்பி போடு. இந்த ஆசாரிக்கு வேண்டாம்."

வாய் வறண்டுபோய்த்தான் பஸ் ஏறினேன் என்றாலும், இவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்ட நாள் என் தொழிலில் வேறில்லை.